மூன்று விரல், ஒரு முழு நிமிடம்

“இக்கடிதத்துடன் வரும் மாணவியர் மன உறுதி மிக்கவர்கள், நெருக்கடியில் நிதானம் இழக்காதவர்கள், நோயாளியின் அருகில் அச்சமின்றிப் பணியாற்றத் தகுந்த பயிற்சி பெற்றவர்கள்.”

கல்லூரி முத்திரை குத்திய இந்தக் கடிதத்தின் கீழே இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. பதினேழாவது பெயர் மா. சுகப்பிரியா. வார்டு இன்சார்ஜ் அம்சவல்லி சிஸ்டர் மாணவிகளை வரிசையாக நிறுத்திக் கடிதத்தை உரக்கப் படித்தபோது பதினேழாம் எண் வரிசையில் இல்லை. துணிகள் அடுக்கும் சின்ன அறைக்குள், வெளுத்து வந்த விரிப்புகளுக்கும் சுவருக்கும் நடுவே நின்று, தன் இடது மணிக்கட்டில் விரல்களை வைத்து எண்ணிக்கொண்டிருந்தது. நூற்று இருபத்திரண்டு. பஸ்ஸில் எண்ணியதைவிட நான்கு குறைவு. அந்தத் தெம்பில் வெளியே வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டது.

பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் சாமி பெயர் சொல்வார்கள். சுகப்பிரியா எண்ணுவாள். சங்கரன்கோவிலிலிருந்து நர்சிங் படிக்க வந்த பத்தொன்பது வயதுப் பெண். முதலாண்டில் நாடி பார்ப்பதைச் சொல்லிக்கொடுத்த அன்றே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பாடத்தை அடுத்தவருக்கென்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். பரீட்சைக்கு முன்னால் நூற்றுப் பத்து. ஹாஸ்டல் இடம் கிடைக்காது என்று சொன்ன அன்று நூற்றுப் பதினைந்து. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்க வந்தால் தொண்ணூற்றெட்டு. என்ன பயம், எதற்குப் பயம் என்று அவளால் சொல்ல முடியாது. எவ்வளவு என்று சொல்லிவிடுவாள்.

அவளும் அவள் அக்கா தங்கமாரியும் படப்பையில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். தங்கமாரி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறாள். அவளுக்கு இரவு ஷிப்ட் என்றால், அக்கா செருப்பைக் கழற்றும் நேரமும் தங்கை ஷூ மாட்டும் நேரமும் ஒன்றாக வரும். பேச்சு வாசலோடு முடிந்துவிடும்.

“ஏட்டி, சாப்ட்டியா?”

“வயித்துக்குள்ள என்னமோ ஓடுதுக்கா.”

“அது ஓடட்டும். நீ நில்லு.” தங்கமாரி கொட்டாவி விட்டபடியே சொல்வாள். “லைன்ல மொத நாளு எனக்குந்தான் கையி ஆடிச்சி. நாப்பது செகண்டுக்கு ஒரு பீசு வந்துக்கிட்டே இருக்கும். பயப்படுததுக்கு நேரம் எங்க இருக்கு?”

“எனக்கு நெறைய நேரம் இருக்கேக்கா.”

“அதாம்ட்டி ஒன் சீக்கே.”

கிளினிக்கல் என்னும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறவளுக்கு செகண்ட் முள் உள்ள கடிகாரம் வேண்டும் என்று சொன்னபோது தங்கமாரி தன் கையிலிருந்ததையே கழற்றிக் கொடுத்தாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த கடிகாரம். முகப்பில் ‘பாதுகாப்பே முதல்’ என்று சிவப்பில் அச்சடித்திருக்கும். சீருடையின் இடது பையில் ஊக்குப் போட்டு அதைத் தொங்கவிட்டால் தலைகீழாகத் தெரியும். குனிந்து பார்ப்பவளுக்கு நேராகத் தெரியும்.

கல்லூரிப் பஸ் ஆறேகாலுக்கு வரும். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் சுகப்பிரியா தூங்குவதும் இல்லை, விழித்திருப்பதும் இல்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துவிட்டால் வெளியே எல்லாவற்றுக்கும் நாடி ஓடத் தொடங்கும். முன்னால் திரும்பக் காத்திருக்கும் கம்பெனிப் பஸ்ஸின் பின் விளக்கு நிமிடத்துக்கு எண்பத்து நான்கு. தூறல் இருந்தால் கண்ணாடியைத் துடைக்கும் கை நாற்பது. புகைக்குழாய் உச்சியில் மினுங்கும் சிவப்பு விளக்கு முப்பத்திரண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது அதைக் கவனித்தார்களா என்று அவளுக்குக் கவலையாக இருக்கும். ஒரகடம் சந்திப்பில் அந்த நேரத்துக்கு சிக்னல் வேலை செய்யாது, மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரியும். சரியாக அறுபது. அந்த மஞ்சளைப் பார்த்தால் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. பனிமூட்டத்தில் கட்டிடங்கள் கரைந்து, வேலிகள் கரைந்து, நீலச் சட்டையும் அடையாள அட்டையுமாக நடந்து போகிறவர்களின் கால்கள் கரைந்து, அந்த அறுபது மட்டும் அந்தரத்தில் நின்று துடிக்கும். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினால் டிரெய்லர் லாரிகளில் புதுக் கார்கள் வெள்ளை உறை போர்த்திக்கொண்டு இரண்டு அடுக்காகப் படுத்திருக்கும். ஆபரேஷனுக்குக் கொண்டு போகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மனசால் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவாள். தண்டலத்தில் ஆஸ்பத்திரிக்குள் பஸ் திரும்பும்போது கனவு பொசுக்கென்று அணைந்து, கைகள் ஜில்லிட்டுப் போயிருக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் அவள் கெட்டிக்காரிதான். அங்கே கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். ரப்பர் குமிழை யாராவது அழுத்தினால் அதன் மணிக்கட்டு துடிக்கும். அந்தப் பொம்மைக்கு ஊசி போட்டு, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினாள். பொம்மையிடம் அவளுக்குப் பிடித்த குணம், அது திரும்பிப் பார்க்காது.

எல்லப்பன் திரும்பிப் பார்த்தார்.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டாம் எண் கட்டில். சேரப்பணஞ்சேரிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. கம்பெனி ஒன்றின் வாசலில் செக்யூரிட்டி. அந்தக் கம்பெனி நிற்பது அவர் குடும்பத்து நிலத்தில். “நம்ம கெணறு இருந்த எடத்துல இப்போ கேண்டீன் கீது. உள்ள போவணும்னா நானே நோட்டுல என் பேரை எய்திகினு போவணும்” என்பார், வேறு யாருக்கோ நடந்த வேடிக்கை போல. பாதுகாப்புக்கென்று கொடுத்த பூட்ஸ் கடித்து, சர்க்கரையால் அந்தப் புண் ஆறாமல் வந்து படுத்திருந்தார்.

முதல் நாள் சுகப்பிரியாவுக்கு அவரைத்தான் கொடுத்தார்கள். அவள் கை பட்டதும் அவர் துள்ளினார்.

“இன்னா பாப்பா இது! ஐஸ் பொட்டிலேர்ந்து எறங்கி வர்றியா?”

பிடித்த கையை விட்டுவிட்டால் மறுபடி பிடிக்க மாட்டோம் என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்து, ‘பாதுகாப்பே முதல்’ மேல் கண்ணை வைத்து ஒரு நிமிடம் எண்ணினாள். நூற்று இருபத்தெட்டு. எழுதினாள். சிஸ்டர் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்தார். ஈ.சி.ஜி. எடுக்கும் வண்டி உருண்டு வந்தது. எல்லப்பனின் நெஞ்சில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, தன் பெண்ணுக்கு போன் போடச் சொன்னார். எந்திரம் கோடு கோடாகத் தாளைத் துப்பியது. எழுபத்தாறு. எந்தக் குறையும் இல்லாத எழுபத்தாறு.

அம்சவல்லி சிஸ்டர் சுகப்பிரியாவின் பக்கம் திரும்பி, “எப்படிப் புடிச்ச? காட்டு” என்றார். அவள் பிடித்துக் காட்டினாள். கட்டைவிரல் மேலே அழுந்தியிருந்தது.

கட்டைவிரலுக்கென்று ஒரு துடிப்பு உண்டு. அதை வைத்து நாடி பார்த்தால் பிடித்தவருடைய நாடிதான் கேட்கும். முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது இது. எல்லப்பனின் கேஸ் ஷீட்டில், அவர் பெயருக்கு நேரே, நீல மையில், சுகப்பிரியாவின் பயம் பதிவாகியிருந்தது. சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

“உன் பயத்துக்கு அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்திருக்கோம்மா. இன்னொரு தடவ தப்பு நம்பர் குடுத்த, லாக் புக்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போஸ்டிங்க முழுசா ரிப்பீட் பண்ணிக்கோ.”

கையெழுத்து இல்லையென்றால் அவள் தோழிகள் அடுத்த வார்டுக்குப் போய்விடுவார்கள். அவள் அடுத்த வருடப் பிள்ளைகளோடு மறுபடியும் இதே வரிசையில் நின்று அதே கடிதத்தைக் கேட்க வேண்டும். அன்று மாலைக்குள் அவளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. “நூத்தி இருவத்தெட்டு வர்து, வழி வுடுங்கப்பா” என்று பஸ்ஸில் இடம் ஒதுக்கிக் கொடுத்தவள் செல்வலட்சுமி. படப்பைக்காரி, பக்கத்து இருக்கைக்காரி, கையும் வாயும் ஒரே வேகம்.

செல்வலட்சுமியின் வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய நோயாளிகள் அனைவருக்கும் நாடி எழுபத்திரண்டு. காலையில் எழுபத்திரண்டு, மதியம் எழுபத்திரண்டு. கிழவருக்கும் எழுபத்திரண்டு, பைக்கிலிருந்து விழுந்து வந்தவருக்கும் எழுபத்திரண்டு. பத்துக் கட்டிலைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்துகொள்வாள்.

“எண்ணுனியா?” என்று சுகப்பிரியா ஒரு நாள் கேட்டாள்.

“மூஞ்சியப் பாத்தாலே தெர்தில்ல, நல்லாத்தான் கீறாங்கோ. எயுபத்திரண்டுதான் நார்மலு. நார்மலா எய்தினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ. நீ வித்தியாசமா எய்தினதாலதான மாட்டிகின?”

இதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் சுகப்பிரியாவுக்கும் பட்டது. எழுபத்திரண்டு என்று எழுத அவளும் முயன்றிருக்கிறாள். பேனா முனை தாளைத் தொட்டதும், எண்ணாமல் எழுதினால் என்ன ஆகும் என்ற பயம் எண்ணுவதன் பயத்தைவிடப் பெரிதாக வந்து நிற்கும். மற்றவர்கள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவார்கள். அவள் பெருக்கலையும் நம்பவில்லை. மூன்று விரல், ஒரு முழு நிமிடம். சந்தேகம் வந்தால் இன்னொரு நிமிடம். சந்தேகம் எப்போதும் வரும். ஆகவே மற்றவர்கள் பத்துக் கட்டில் முடிக்கும் நேரத்தில் அவள் நான்கில் இருப்பாள். நடுநடுவே வெந்நீர் பிளாஸ்கைக் கட்டிப்பிடித்து உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்ள வேறு போவாள்.

எல்லப்பனுக்கு அவள் மேல் வருத்தம் இருந்திருக்க வேண்டும். இல்லை. தன் இதயம் எந்தக் குறையும் இல்லாதது என்று ஓசியில் தெரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு பெருமை. அதோடு, அவள் பேச்சு அவருக்குப் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. இரண்டாம் நாள் கட்டு மாற்ற அவரை உட்காரவைக்கும்போது, “பைய எந்திரிங்க” என்றாள். சங்கரன்கோவிலில் அதற்கு மெதுவாக என்று அர்த்தம். எல்லப்பன் குனிந்து கட்டிலுக்குக் கீழே தேடத் தொடங்கினார்.

“பையி இங்கதான் கீது. இன்னாத்துக்குக் கேக்குற?”

“பை இல்ல. பைய.”

“அதான் பையி. துணி கீது, சீப்பு கீது. இன்னா வோணும்?”

பக்கத்துக் கட்டிலில் இருந்த தூத்துக்குடிக்காரர் விளக்கம் சொல்லும்வரை இது நடந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை அவள் “பைய எந்திரிங்க” என்பாள்; அவர் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, “எட்த்துகினேன், வா போலாம்” என்பார். வார்டு சிரிக்கும். அவள் கைகள் ஒரு கட்டிலின் தூரத்துக்கு ஜில்லிடாமல் இருக்கும்.

பதினோராம் நாள், மதியம் இரண்டு மணிக்கு மேல். வார்டில் அந்த நேரத்துக்கென்று ஒரு தூக்கம் உண்டு. சாப்பாட்டுக் கூடைகள் திரும்பிப் போய்விட்டன. பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். பச்சைத் திரைகள் காற்றில் உப்பி, தாழ்ந்து, மறுபடி உப்பின. கட்டிலுக்கு ஒரு நுரையீரல். நெடுஞ்சாலையின் இரைச்சல் ஜன்னலுக்கு வரும்போது கடல் சத்தமாக மாறியிருந்தது. மின்விசிறிகளின் நிழல் வெள்ளை விரிப்புகளின் மேல் சுற்றிச் சுற்றிப் போனது. சுகப்பிரியா அந்த நிழலை எண்ணியபடியே இரண்டு மணி நாடிகளை எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்குப் பஸ். இன்னும் கட்டில்கள் பாக்கி இருந்தன.

பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்தாள். அன்று காலை அவரைப் பார்க்கும் முறை செல்வலட்சுமியுடையது. அட்டையில் எழுபத்திரண்டு என்றிருந்தது. அதற்கு மேலே முந்தின நாள் மாலை வேறு யாரோ எழுதிய எழுபத்திரண்டு. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு நாளாகப் புது மாத்திரை தருகிறார்கள் என்று ஒரு குறிப்பு. எல்லப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“அப்பா, பைய எந்திரிங்க.”

அவர் திரும்பினார். கை கட்டிலுக்குக் கீழே போகவில்லை.

“வோணாம்மா. இப்டியே பாரு. ஒரு மாரியா கீது.”

அவள் மூன்று விரல்களை வைத்தாள். கட்டைவிரலை அவர் மணிக்கட்டுக்கு வெளியே, காற்றில், தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரு துடிப்பு வந்தது. பிறகு இல்லை. செகண்ட் முள் ஒரு கோட்டைத் தாண்டிய பிறகு இன்னொன்று. ஒரகடத்து மஞ்சள் விளக்கு இதைவிட வேகமாக எரியும். கடல் சத்தம் தூரப் போயிற்று, திரைகள் தூரப் போயின. அந்த மூன்று விரல்களுக்குக் கீழே மட்டும், ஆழத்தில் யாரோ யோசித்து யோசித்துப் படியேறுவது போல ஒவ்வொன்றாக வந்தது. நிமிடம் முடிந்தபோது நாற்பத்து நான்கு.

“ஏய் நூத்தி இருவத்தெட்டு!” செல்வலட்சுமி வாசலில் பையோடு நின்றாள். “பஸ்ஸு வந்துருச்சி. எயுபத்திரண்டு போட்டுட்டு வா.”

சுகப்பிரியா நகரவில்லை. தப்பாக இருந்தால் கையெழுத்து கிடையாது. போன தடவை அவள் எண்ணிக்கை தப்பு. இந்தத் தடவை தப்பில்லை என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? பேனா முனை தாளின் மேல் நின்றது. பிறகு அவள் பேனாவை மூடிவிட்டு, பழக்கம் இழுத்துப் போன வழியிலேயே போய், தன் கழுத்தில் விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. மறுபடி எல்லப்பனின் மணிக்கட்டைப் பிடித்து இன்னொரு முழு நிமிடம். நாற்பத்து நான்கு.

அட்டையை எடுத்துக்கொண்டு சிஸ்டரின் மேசைக்குப் போனாள்.

“சிஸ்டர், பன்னெண்டாம் பெட்டு. நாப்பத்தி நாலு.”

அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தார். “காலையில எழுபத்திரண்டு. கட்டைவிரல வச்சியா?”

“இல்ல சிஸ்டர். மூணு விரலு. ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்.”

“போன தடவையும் நல்லாத்தான் எண்ணுன. உன்னோடத.”

“என்னோடதையும் எண்ணிட்டேன் சிஸ்டர். நூத்திப் பதினெட்டு.” அவள் அட்டையை நீட்டினாள். “அதனால அது என்னோடது இல்ல. அவரோடதுதான். பையப் போவுது.”

சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பையவா, பையா என்று கேட்கவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. பன்னிரண்டாம் கட்டிலில் அவரும் விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கால் நிமிடத்துக்கு முன்பே கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். ஈ.சி.ஜி. வண்டி மறுபடியும் உருண்டு வந்தது. இந்தத் தடவை தாளில் கோடுகள் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வந்தன. அந்தப் புது மாத்திரையும் எல்லப்பனின் இதயமும் ஒத்துப்போகவில்லை. மாத்திரையை நிறுத்தி, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டும்போது அவர் கை பக்கவாட்டில் தொங்கி எதையோ துழாவியது. சுகப்பிரியா கட்டிலுக்குக் கீழே குனிந்து, துணியும் சீப்பும் இருந்த பையை எடுத்து அவர் கால்மாட்டில் வைத்தாள்.

பஸ் அன்று இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. டிரைவர் திட்டினார். செல்வலட்சுமி ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுத்தாள். ஒரகடம் வந்ததும் கையை நீட்டி, “எங்க வெக்கணும், காட்டு” என்றாள்.

எல்லப்பன் நான்கு நாள் கழித்துப் பன்னிரண்டாம் கட்டிலுக்கே திரும்பி வந்தார், அறுபத்தெட்டு நாடியோடும் ஆறாத புண்ணோடும்.

மாதக் கடைசியில் அம்சவல்லி சிஸ்டர் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டார். மதிப்பீட்டுப் படிவத்தையும் நிரப்பினார். வேகம்: போதாது. தன்னம்பிக்கை: முன்னேற்றம் தேவை. பதற்றம்: உண்டு. மற்ற குறிப்புகள் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, சற்று நேரம் யோசித்து, வெறுமனே விட்டுவிட்டார்.

பதினோராம் நாள் பிற்பகல் சுகப்பிரியா ஒரு மனிதருடைய நாடியை இரண்டு முழு நிமிடமும், நடுவே தன்னுடையதை ஒரு நிமிடமும் எண்ணினாள். எண்ணியதைப் போய்ச் சொன்னாள்.